இரண்டு சதவீதத்துக்கு வெளியே

பிச்சாவரத்தில் ஒரு கம்பெனி சுரபுன்னைக் கன்றுகளை நட்டால், அந்தச் செலவைத் தன் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்குத் தனி இடம் உண்டு. அதே கம்பெனி தன் கொதிகலனைப் பழுதுபார்க்கிறவருக்குத் தீ பிடிக்காத உடுப்பும் கையுறையும் வாங்கிக் கொடுத்தால், அதில் ஒரு ரூபாய்கூட அந்தக் கணக்கில் ஏறாது. 2014-இல் வந்த விதிகளே, ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவுகளை விலக்கிவிட்டன. 2021 ஜனவரியில் திருத்தியபோது இன்னொரு வரியும் சேர்ந்தது: வேறொரு சட்டப்படி செய்தே தீரவேண்டிய எதையும் சமூகப் பொறுப்பு என்று காட்டக் கூடாது.

கேட்கும்போது கோணலாகப் படும். எங்கோ இருக்கும் காட்டுக்குக் கொடுத்தால் பொறுப்பு, பக்கத்தில் நிற்கும் ஆளுக்குக் கொடுத்தால் பொறுப்பில்லையா என்று தோன்றும். உண்மையில் சட்டம் இங்கே நேராகத்தான் நிற்கிறது. தொழிலாளியின் கையுறை அவருக்குச் சேரவேண்டிய பாக்கி. பாக்கியைக் கொடுத்துவிட்டு தர்மம் செய்ததாகக் கணக்கு எழுதக் கூடாது என்பதுதான் அந்த விதியின் பொருள். கோளாறு இருப்பது வேறோர் இடத்தில். கம்பெனியின் ஊழியர் என்ற வட்டத்துக்குள் யார் வருகிறார்கள் என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கடலூர் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தால், பளபளப்பான ஆண்டறிக்கைப் படங்களில் தெரியாத பல விஷயங்கள் தெரியவரும்.

லாபத்தில் ஒரு பங்கை ஊருக்கு ஒதுக்குவது தமிழ் வணிகர்களுக்குப் புதிதல்ல. விருதுநகர் நாடார்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்து, அந்தப் பணத்தில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தென்னார்க்காட்டின் பல தலைமுறைகளைப் படிக்கவைத்த கொடை அது. சிறுமைப்படுத்திப் பேச எதுவுமில்லை. ஆனால் கொடையில் பிறந்த அந்த நிறுவனமே 2012 கடைசியில் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, ஊதியக் குறைப்பும் ஆட்குறைப்பும் வருமென்று அஞ்சி ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள். கொடையாளரின் பெருமை அவர்களைக் காப்பாற்றவில்லை. 2013-இல் தமிழக அரசு நிர்வாகியை நியமித்து, தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைக் கையில் எடுத்தது. உபரி என்று கணக்கிடப்பட்டவர்கள் பிற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் மாற்றப்பட்டார்கள். கொடை ஊருக்குக் கல்வி தந்தது. உள்ளே வேலை பார்த்தவர்களுக்குப் பாதுகாப்பு தந்தது சட்டம். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒரே கணக்கு அல்ல.

அந்த 2013-இல்தான் புதிய கம்பெனிகள் சட்டமும் வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி: இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது 135-ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்ற சொல்லும் சட்டத்திலேயே இருக்கிறது. இப்படிச் சட்டம் போட்டு சதவீதம் நிர்ணயித்த நாடுகள் உலகில் மிகக் குறைவு. அந்த வகையில் இந்தியா முன்னோடி.

சர்வதேச அளவில் இந்தச் சொல்லுக்கு இன்னும் அகலமான பொருள் உண்டு. 2010-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 26000 வழிகாட்டி, ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பை ஏழு பகுதிகளாகப் பிரிக்கிறது. தொழிலாளர் நடைமுறை அதில் ஒரு பகுதி. ஊருக்குச் செய்யும் பணி இன்னொரு பகுதி. நம் சட்டம் அந்த ஏழில் ஏறக்குறைய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சதவீதம் வைத்தது. அதன் விளைவாக, பொறுப்பு என்றாலே பள்ளிக்கு பெஞ்சு, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி, கடற்கரையில் மரக்கன்று என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. மற்ற ஆறும் கண்ணுக்குப் படாத இடத்துக்குப் போய்விட்டன.

மாவட்டத்தில் இதைப் பார்க்க நெய்வேலியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956-இல் பதிவானது. அடுத்த ஆண்டு மே மாதம் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். சோவியத் உதவியுடன் எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தது. சமூகப் பொறுப்பு என்ற சொல் புழக்கத்துக்கு வராத அந்தக் காலத்திலேயே இந்தப் பொதுத்துறை நிறுவனம் தன் தொழிலாளிக்கு ஒரு நகரத்தையே கட்டிக் கொடுத்தது. வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள், மருத்துவமனை, பள்ளிகள், விளையாட்டரங்கம், மரம் அடர்ந்த சாலைகள். இன்றைக்கும் ஜூலையில் அங்கே நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு மாவட்டம் முழுவதும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அரசு என்ற முதலாளி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு காலத்தில் அது எடுத்துக்காட்டு. இதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது.

அந்த நகரத்துக்கு வெளியே மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் என்று இன்னொரு நெய்வேலி இருக்கிறது. சாம்பல் அள்ளுவது, கன்வேயரிலிருந்து சிந்தும் நிலக்கரியைத் திரும்ப ஏற்றுவது, கொதிகலன் பராமரிப்பு, துப்புரவு என்று அன்றாடம் ஓடும் வேலைகளைச் செய்யும் ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வசிப்பது இந்தப் பக்கம். அங்கே ஒருவரைப் பற்றி விசாரித்தால் முதலில் வரும் கேள்வி, பர்மனென்ட்டா, சொசைட்டியா, காண்ட்ராக்ட்டா என்பதுதான். சொசைட்டி என்றால் இன்ட்கோசர்வ் போன்ற தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். தனியார் ஒப்பந்தக்காரருக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவில் கட்டப்பட்ட ஒரு படி. அந்தப் படியில் ஏறுவதற்கே பணிமூப்புப் பட்டியல், வழக்கு, வேலைநிறுத்தம் எல்லாம் தேவைப்பட்டன. 2012-லும் 2014-லும் வாரக்கணக்கில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2023 ஜூலையில் மறுபடியும் ஒன்று. கோரிக்கைகள் ஏறக்குறைய மாறவே இல்லை: நிரந்தரம், அல்லது குறைந்தபட்சம் ஒரே வேலைக்கு ஒரே கூலி.

இந்தக் கோரிக்கையின் இரண்டாம் பாதி ஒன்றும் புரட்சி அல்ல. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த விதிகளிலேயே அது இருந்தது. வேலையை ஒப்பந்தத்துக்கு விடும் நிறுவனம், அதாவது முதன்மை முதலாளி, நேரடியாக நியமித்தவர் செய்யும் அதே வேலையை, அல்லது அதைப் போன்ற வேலையை, ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் கூலியும் விடுமுறையும் வேலை நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 25-ஆம் விதி சொன்னது. ஆனால் இரண்டு வேலைகள் ஒன்றுதானா என்று யார் முடிவு செய்வது? தொழிலாளர் துறை அதிகாரி. அவர் முன் நிரூபிக்க வேண்டியவர் யார்? கேட் பாஸ் ரத்தானால் நாளை உள்ளே நுழைய முடியாத ஆள். நிரந்தரமாக்கும் கதவைப் பொறுத்தவரை, 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு சாத்திவிட்டது. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட வேலையாக இருந்தாலும், அதில் இருந்தவர் தானாகவே நிறுவனத்தின் ஊழியராகிவிட மாட்டார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தானாகவே ஆவார் என்று 1996-இல் ஏர் இந்தியா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஐந்தே ஆண்டுகளில் திசை மாறிவிட்டது.

இனி 2020-க்கு வருவோம். அந்த ஆண்டு மே 7-ஆம் தேதி அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து வாயு கசிந்து பன்னிரண்டு பேர் இறந்தார்கள். நாடே அந்தப் பக்கம் திரும்பியது. அதே நாள் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஆறாவது அலகில் கொதிகலன் விபத்து. எட்டுப் பேர் தீக்காயத்துடன் மருத்துவமனைக்குப் போனார்கள்; ஐந்து பேர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். விசாகப்பட்டினத்தின் நிழலில் அந்தச் செய்தி உள்பக்கத்துக்குப் போனது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 காலை, பக்கத்து அலகான ஐந்தாவதில் இன்னொரு வெடிப்பு. ஆறு பேர் அன்றே இறந்தார்கள். அடுத்த வாரங்களில் சென்னை மருத்துவமனைகளிலிருந்து ஒவ்வொரு உடலாக ஊர் திரும்பியது. இரண்டு விபத்துகளிலும் பலியானவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஐந்து கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு விதித்தது. நிறுவனம் இறந்தவர் குடும்பங்களுக்கு 30 லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலையும் அறிவித்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்கில் மனு கொடுத்தும் வேலைநிறுத்தம் செய்தும் கிடைக்காத நிரந்தர வேலை, சாவுக்கு விலையாக வந்திருக்கிறது. கொடுக்க முடியாத ஒன்றல்ல அது என்பதும் அப்போது தெரிந்துவிட்டது.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது, காற்றுப் பட்டால் தானே சூடேறித் தானே கனலக்கூடியது. கையாளப் பழக்கம் வேண்டும். எந்த இடத்தில் புகை வந்தால் விலக வேண்டும், எந்தச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்பது ஒரே அலகில் வருடக்கணக்கில் வேலை செய்தவருக்குத்தான் கைவரும். ஒப்பந்த முறை அந்தப் பழக்கத்தையே உடைக்கிறது. டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போகிறது. கூலியைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறக்க முடியாது. இயந்திரமும் நிலக்கரியும் நிறுவனத்துடையவை. பிறகு ஒப்பந்தக்காரர் எதில்தான் மிச்சம் பிடிப்பார்? பயிற்சி நாளில், பாதுகாப்பு உடுப்பின் தரத்தில், மாற்று ஆள் வைக்காமல் நீட்டும் ஷிப்டில். நல்ல மனசுள்ள ஒப்பந்தக்காரரும் இதே கணக்குக்குள்தான் நிற்கிறார். எனவே ஒப்பந்தத் தொழிலாளியின் பாதுகாப்பு தீர்மானமாவது பாதுகாப்பு வார விழாவிலோ சுவரொட்டியிலோ அல்ல, டெண்டர் ஆவணத்தில். பாதுகாப்புக்கான தொகையைத் தனி இனமாகப் பிரித்து, அதில் யாரும் போட்டியிட்டுக் குறைக்க முடியாதபடி வைத்தால், பத்து விழிப்புணர்வு முகாம்கள் செய்யாததை அது செய்யும்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. மந்தாரக்குப்பத்தில் நிறுவனம் கண் மருத்துவ முகாம் நடத்தினால் அது சமூகப் பொறுப்புச் செலவு. அதற்கு ஒப்பந்தத் தொழிலாளி வந்து கண்ணாடி வாங்கிக்கொண்டாலும் தடையில்லை. பொதுமக்களுக்கான திட்டத்தில் ஊழியரும் தற்செயலாகப் பயன்பெறலாம் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் விளக்கமளித்திருக்கிறது. ஆக, ஊர்க்காரராக வந்தால் அவருக்குக் கண்ணாடி கிடைக்கும். தொழிலாளியாக நின்று தீப்பொறியிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடி கேட்டால், ஒப்பந்தக்காரரைக் கேள் என்ற பதில் வரலாம். முன்னது கொடை, பின்னது சட்டக் கடமை. படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடுவது முன்னதை மட்டும்தான்.

இந்தத் தொழிலாளர்களில் கணிசமானோர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக. அறுவடைவரை காத்திருக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேதனையோடு கேட்டார். நிலம் போன வீட்டின் பையன் அதே நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்கிறான். சமூகப் பொறுப்புத் திட்டங்களில் பயனாளி என்று எழுதப்படும் கிராமமும் அவனுடையதே. ஒரே ஆள் மூன்று கோப்புகளில் மூன்று பெயரோடு இருக்கிறான்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம். கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி, 1980-களில் வந்த சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் என்று சுற்றிலும் ஊர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையிலான இந்திய மக்கள் தீர்ப்பாயம் 2003-இல் அங்குள்ள நிலையை அறிக்கையாக வெளியிட்டது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலுள்ள தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, கடலூருக்கு 77.45 கிடைத்தது. மிகக் கடுமையாக மாசுபட்ட 43 இடங்களில் அதுவும் ஒன்றானது.

ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே தாங்களே அளக்கத் தொடங்கியிருந்தார்கள். நித்யானந்த் ஜெயராமன் போன்ற செயல்பாட்டாளர்களின் துணையோடு 2004-இல் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழு உருவானது. நாற்றத்துக்கு நேரமும் திசையும் குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை, அதில் காற்றை இழுக்க ஒரு சிறு பம்ப், இவ்வளவுதான் கருவி. 1990-களில் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்து மக்கள் பயன்படுத்திய முறை. அப்படிப் பிடித்த காற்றை அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்தபோது, புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் உட்பட இருபதுக்கு மேற்பட்ட நச்சுப் பொருள்கள் அதில் இருந்தன. நாற்றம் என்பது வெறும் பிரமை என்று சொல்லிவந்தவர்களுக்கு அதன்பிறகு வாய் அடைத்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி வேறு. வேலிக்கு வெளியே வாளியில் பிடித்த காற்று இப்படி என்றால், வேலிக்கு உள்ளே எட்டு மணி நேரம், சில நாள் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் சுவாசித்தது எப்படி இருக்கும்? அவரும் அந்த ஊர்க்காரர்தான். ஊரில் இருக்கும்போது வாளியைத் தூக்கலாம். கேட்டுக்கு உள்ளே கொண்டுபோக முடியாது. உண்மையில் அவருக்குச் சட்டம் வாளியைவிடக் கூர்மையான கருவிகளைக் கொடுத்திருந்தது. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே சேர்ந்தது. அபாயகரமான ஆலை, தான் கையாளும் பொருளின் கேடுகளைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வைத்திருந்து, அவர் கேட்டால் காட்ட வேண்டும். நிர்வாகமும் தொழிலாளரும் சமமாக அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும். உயிருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று தொழிலாளி கருதினால் நிர்வாகத்தை எச்சரிக்கும் உரிமை அவருக்கு உண்டு. இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒரு முன்நிபந்தனை உண்டு: நாளைக்கும் வேலை இருக்கும் என்ற நம்பிக்கை. 2021 மே 13 காலை இதே தொழிற்பேட்டையின் கிரிம்சன் ஆர்கானிக்ஸ் பூச்சிமருந்து ஆலையில் வெடிப்பு நடந்து நான்கு பேர் இறந்தார்கள். பலர் புகையில் மூச்சுத் திணறினார்கள். அதுவரை அந்த ஷிப்டில் எத்தனை பேருக்குத் தங்கள் எச்சரிக்கை உரிமை தெரிந்திருக்கும் என்பது யோசிக்கவேண்டிய விஷயம்.

பண்ருட்டியின் முந்திரிக் கொட்டகைகளை இந்தக் கட்டுரைக்குள் முழுமையாகக் கொண்டுவர முடியாது. கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பெண்களின் விரல்களைப் பொசுக்கும். அந்தச் சிறு தொழில்களில் பெரும்பாலானவை எந்த லாப வரம்பையும் எட்டாதவை, இரண்டு சதவீதத்தின் கண்ணுக்கே தெரியாதவை.

இனி பிச்சாவரம். கிள்ளையைச் சுற்றியுள்ள இருளர் குடியிருப்புகளிலிருந்து ஆண்களும் பெண்களும் ஓடைகளில் இடுப்பளவு நீரில் குனிந்து கையால் இறால் துழாவுகிறார்கள். பிடித்ததைப் போட பனையோலைக் கூடை. அதைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அவர்களுக்கு முதலாளி கிடையாது. முதலாளி இல்லாததால் ஒரு வசதி: எந்தக் கம்பெனியும் தயக்கமின்றி அவர்களுக்கு உதவிசெய்து கணக்கில் எழுதலாம். நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இல்லாத தகுதி இது. அவருக்கு முதலாளி இருக்கிறார். சொல்லப்போனால் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இந்தக் காட்டின் வரலாறும் நம் விஷயத்துக்கு வெளியே இல்லை. பல பத்தாண்டுகள் வனத்துறை பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டி எடுத்தது. வெயில் பட்டு மண் அமுங்கித் தொட்டி போலானது. ஏறிய கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பு மிகுந்து, எந்தக் கன்றும் பிழைக்காத தரையானது. ஆனால் பழி வெகுகாலம் மாடு மேய்த்தவர் மேலும் விறகு வெட்டியவர் மேலும்தான் இருந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மக்களையும் வனத்துறையையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ந்தபோதுதான் காரணம் விளங்கியது. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி அலை ஏறி இறங்க வழி செய்தார்கள். அதன்பிறகு நட்ட வெண்கண்டல் பிழைத்தது. வாய்க்கால் வெட்டாமல் கன்று மட்டும் நட்டிருந்தால் ஒவ்வொரு வருடமும் நடவு விழா நடத்திக்கொண்டே இருந்திருக்கலாம். தொழிற்கூட விபத்தில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முதலில் எழுதப்படும் குறிப்பைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாடு மேய்த்தவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

காட்டின் மேற்குப் பக்கம் இறால் பண்ணைகள். கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக காந்தியர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் பண்ணைகளை இடிக்கச் சொன்ன பகுதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பண்ணைகளில் ஓராண்டுக்குக் குறையாமல் வேலை பார்த்தவர்கள் ஆட்குறைப்புச் செய்யப்பட்டதாகக் கருதப்பட வேண்டும்; தொழில் தகராறு சட்டப்படியான இழப்பீட்டோடு கூடுதலாக ஆறு ஆண்டுக் கூலியும் அவர்களுக்குத் தரவேண்டும். காட்டைக் காக்கும் தீர்ப்பு, அதனால் வேலை இழப்பவரின் ஆறு வருடச் சோற்றையும் எண்ணிப்பார்த்தது. நம் நீதிமன்ற வரலாற்றில் இப்படிப்பட்ட வரிகள் அடிக்கடி வருவதில்லை. பிறகு சீராய்வு மனுக்களில் அதன் வேகம் தடைபட்டது. 2005-இல் வந்த கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் முன்தேதியிட்டுப் பண்ணைகளுக்கு விலக்களித்துவிட்டது. ஆறு ஆண்டுக் கூலி காகிதத்தோடு நின்றது.

காகிதத்தோடு நிற்காத உதாரணங்களும் உண்டு. நாம் இரண்டு சதவீதச் சட்டம் நிறைவேற்றிய அதே 2013-இல், ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்த ஆலைகள் வெளிநாட்டு பிராண்டுகளின் சமூகத் தணிக்கைகளைத் தாண்டி வந்தவை. பேரழிவுக்குப் பின் தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம், நன்கொடை வாக்குறுதியாக இல்லாமல் சட்டப்படி கட்டுப்படுத்தும் பத்திரமாக இருந்தது. ஆய்வறிக்கைகள் பொதுவெளியில் வரும்; ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கலாம்; மீறினால் நடுவர் மன்றம். தமிழ்நாட்டிலேயே 2022-இல் திண்டுக்கல் உடன்படிக்கை இந்த வழியில் வந்தது. ஓர் ஆடை ஆலையில் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வாங்குவோரோடும் கையெழுத்திட்டது. தளத்திலேயே தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். ஆர்டர் கொடுப்பவருக்கும் கடைசித் தொழிலாளிக்கும் நடுவே எத்தனை ஒப்பந்தக்காரர் இருந்தாலும், பொறுப்பு மேலே நிற்பவர் கையெழுத்தில் கட்டுண்டிருக்கும் ஏற்பாடு அது. துணி தைக்கும் இடத்தில் முடிந்தது, அரசே பெரும்பங்குதாரராக இருக்கும் மின் நிலையத்தில் முடியாது என்று சொல்ல எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

நம்மிடம் இப்போது இருக்கும் உருப்படியான சன்னல், பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கொண்டுவந்த வணிகப் பொறுப்பு அறிக்கை. பங்குச்சந்தையில் பட்டியலான முதல் ஆயிரம் கம்பெனிகளுக்கு 2022–23 முதல் கட்டாயம். அதன் அட்டவணைகள் நிரந்தரத் தொழிலாளர், நிரந்தரமல்லாத தொழிலாளர் என்று எண்ணிக்கையைப் பிரித்துக் கேட்கின்றன. யாருக்கு மருத்துவக் காப்பீடு, யாருக்கு விபத்துக் காப்பீடு, எத்தனை பேர் பணியில் இறந்தார்கள், வேலைச் சூழல் பற்றி எத்தனை புகார்கள் என்றும் கேட்கின்றன. ஒரு கம்பெனியின் பொறுப்பை எடைபோட நினைப்பவர் நடவு விழாப் படங்களைத் தள்ளிவிட்டு இந்தப் பக்கங்களைத் திறக்க வேண்டும். ஆனால் அவை முதலீட்டாளருக்காக ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஆலை வாசலில் தொங்கும் அறிவிப்பு பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அறிக்கைக்கு அப்படியொரு விதி இல்லை. யாருடைய உயிரிழப்பு எண்ணிக்கை அதில் இருக்கிறதோ, அவர் வீட்டார் அதைப் படிக்க முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, மேலே சொன்ன பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான வரம்பு இருபது பேரிலிருந்து ஐம்பதாக உயர்ந்துவிட்டது. ஐம்பதுக்குக் கீழே ஆள் வைத்திருக்கும் சிறு ஒப்பந்தக்காரர் அந்த வலையிலிருந்து வெளியே. இன்னொரு பக்கம், ஒப்பந்தத் தொழிலாளருக்கான நல வசதிகளைச் செய்யும் கடமை நேரடியாக முதன்மை முதலாளியிடம் வந்திருக்கிறது; இது நல்ல மாற்றம். நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்றும் தொகுப்பு சொல்கிறது. ஆனால் மையப் பணி எது என்ற வரையறையில், தூய்மைப் பணி, ஏற்றி இறக்குதல், கேன்டீன் என்று நீளும் விலக்குகளின் பட்டியலில், விட்டுவிட்டு நடக்கும் எந்த வேலையும், அது மையப் பணியின் பகுதியாகவே இருந்தாலும், விலக்கு பெறுகிறது. மின் நிலையத்தில் கொதிகலனைப் பழுதுபார்ப்பது தொடர்ந்து நடக்கும் வேலையா, விட்டுவிட்டு நடக்கும் வேலையா? நெய்வேலியில் அடுத்து வரப்போகும் வழக்கு இந்த ஒரு சொற்றொடரின் மேல்தான் நடக்கும். தொழிற்சங்கங்கள் இப்போதே ஷிப்ட் பதிவேடுகளின் நகல்களைச் சேர்த்துவைக்கத் தொடங்குவது நல்லது.